யாரால் வந்தது?

மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் டாக்டருக்கு நோயாளியின் முகம் தெரியாது. ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். கூட வந்த சீட்டில் பெயர், வயது, எத்தனை குழந்தை, வெள்ளைப்படுதல் எத்தனை நாளாக என்று நாலு வரி. அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் என் காலம் முழுக்க அப்படித்தான் போனது. "நான் என்ன பாவம் செஞ்சேன்" என்ற அழுகையெல்லாம் வார்டில் இருக்கும் டாக்டர்களின் பாடு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வாரத்தில் சில நாள் ஸ்லைடு பார்க்கிறேன். எச்பிவி பரிசோதனை பரவலான பிறகு அங்கே என் அறைக் கதவையும் தட்டுகிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. அது உடலுறவின் வழியாகப் பரவுகிறது. இந்த இரண்டு வாக்கியமும் இன்று எல்லார் போனிலும் இருக்கிறது. அதனால் அறிக்கை வாங்க வருகிறவர்கள் பாதி தெரிந்துகொண்டே வருகிறார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. கணவருக்கு ரிக் வண்டியில் வேலை. போர் போட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் திரும்ப மாதக்கணக்காகும். மனைவி விசைத்தறிக்குப் போகிறவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எச்பிவி 16ஆம் வகை பாசிட்டிவ். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரிலும் செல்கள் மாறியிருந்தன. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய கட்டம். சிகிச்சை செய்தால் சரியாகிவிடும். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவர்களோ அறிக்கையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாக நின்றார்கள். "ரிக்குக்குப் போறவங்க எங்கெங்க தங்குறாங்க, என்ன பண்றாங்கன்னு ஊருக்கே தெரியுமுங்க" என்றார் பெண்ணைப் பெற்றவர். "எம்பையன் ஊர்லயே இல்லாத மாசத்துல யாரு வந்தா, யாரு போனான்னு எங்களுக்கு என்னங்க தெரியும்" என்றார் மாமியார். கணவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். யாருடைய உடம்பைப் பற்றிப் பேச்சோ அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. இது யாரால வந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க."

சொல்ல முடியாது என்றேன். பரிசோதனையில் வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்பதுதான் தெரியும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. போன வருஷம் வந்திருக்கலாம். இருபது வருஷம் முன்னால் வந்து அரவமில்லாமல் கிடந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். ஆணுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. உறவு வாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் வந்து போகிறது. ஒரே துணையோடு வாழ்ந்தவர்களுக்கும் வருகிறது. இதையெல்லாம் சொல்லச் சொல்ல இரண்டு அம்மாக்களின் முகத்திலும் ஏமாற்றம். நான் எதையோ மறைக்கிறேன் என்று இருவருமே நினைத்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு லீப் என்ற சிறிய சிகிச்சையில் கெட்ட பகுதியை எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி.

காரணம் தெரிந்துவிட்டால் மூடநம்பிக்கை போய்விடும் என்று எங்கள் படிப்பில் சொல்லித்தந்தார்கள். இந்த நோயில் நடந்தது அதுவல்ல. முன்பு "என்ன பாவம்" என்று கேட்டார்கள்; இப்போது "யாரால்" என்று கேட்கிறார்கள். வினைக் கொள்கைமேல் எனக்குப் புகார்கள் நிறைய உண்டு. விதவையையும் குஷ்டரோகியையும் பிள்ளையில்லாதவளையும் அது படுத்திய பாட்டை மறக்க முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் அதற்கு இரக்கம் இருந்தது. குற்றத்தைக் கண்ணுக்கெட்டாத ஒரு முற்பிறவியில் கொண்டுபோய் வைத்தது. அங்கே போய் யாரும் சாட்சி விசாரிக்க முடியாது. எச்பிவியைக் கேள்விப்பட்டவர்கள் அந்தக் குற்றத்தை இந்தப் பிறவிக்கு, இந்த வீட்டுக்கு, இந்தக் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். விஞ்ஞானம் பழியை ஒழிக்கவில்லை, அதற்கு முகவரி கொடுத்துவிட்டது.

டாக்டர்களையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் இந்த நோய்க்கான காரணப் பட்டியலில் சிறுவயதுத் திருமணம், அதிகப் பிரசவம், வறுமை, சுத்தமின்மை, பலரோடு உறவு என்று வரிசையாக இருக்கும். பரீட்சையில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் மார்க். வார்டில் படுத்திருந்த கூலிக்காரப் பெண்ணைப் பார்த்து அந்தப் பட்டியலில் கடைசி வரியை மனசுக்குள் டிக் செய்துகொண்ட மாணவர்கள் எத்தனையோ பேர்.

காரணம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் மற்றது கூடவே வந்துவிடுகிறது.

நான் பிறந்ததும் திருச்செங்கோடுதான். தேவாரத்தில் அந்த ஊருக்குக் கொடிமாடச் செங்குன்றூர் என்று பெயர். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பாட்டி திருநீறு பூசிவிட்டுத் திருநீலகண்டப் பதிகம் பாடுவார். கூடவே நிலவேம்புக் கஷாயமும் உண்டு. பதிகத்தின் கதை சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது. ஞானசம்பந்தர் கொங்குநாட்டுக்கு வந்து செங்குன்றூரில் தங்கியிருக்கும்போது உடன்வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பனிக்காலத்தில் இந்த ஊரில் இது வருவது இயல்பு என்று ஊரார் சொன்னார்கள். சம்பந்தர் அதை அப்படியே விட்டுவிடச் சம்மதிக்கவில்லை. நீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடினார். அடியாரை மட்டுமல்ல, அந்த நாட்டையே காய்ச்சல் விட்டுப்போனது என்கிறது புராணம்.

பெரியவளான பிறகு இந்தக் கதையை வேறு கண்ணோடு படித்தேன். ஊரார் சொன்னது பருவமும் நிலமும் சார்ந்த விளக்கம். இன்றைக்கு நாங்கள் தொற்றுநோயியல் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. சம்பந்தர் பாடியது வினையைப் பற்றி. சேக்கிழார் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது பதிகத்தின் தொடக்கம். அந்த வினைக்கு இந்தப் பலன் என்று கணக்குச் சொல்லிக்கொண்டு, தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருந்தால் அதுவே குறை என்ற பொருளில் அது தொடங்குகிறது. குறை நோயாளியின் முற்பிறவியில் இல்லை. வினை, வினை என்று சொல்லிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பிள்ளை ஒருவர் வினைக் கொள்கைக்கு உள்ளே நின்றுகொண்டே அதைச் சோம்பேறிகளின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறார். அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற நமக்கு இந்தத் தொடக்கம் காதில் விழுவதே இல்லை.

பௌத்தர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். பாலி நூல்களில் சீவகன் என்ற பரிவிராஜகன் புத்தரிடம் கேட்கிறான்: மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்செய்த வினையால்தான் என்கிறார்களே, சரியா? இல்லை என்கிறார் புத்தர். பித்தத்தால் வருவது உண்டு, கபத்தால், வாதத்தால், மூன்றும் கூடியதால், பருவ மாற்றத்தால், உடம்பைச் சரியாகப் பேணாததால், பிறர் தாக்கியதால் வருவதும் உண்டு. வினைப்பயன் எட்டாவதாக, கடைசியில் வருகிறது. நீக்கவில்லை, வரிசையில் நிறுத்திவிட்டார். எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

இனி, இந்த நோயின் விஞ்ஞானக் கதை தொடங்கும் வெரோனா. இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளை, 1760 முதல் 1839 வரை, ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் எடுத்து எண்ணினார். 1842இல் அவர் வெளியிட்ட கணக்கில், கல்யாணமான பெண்களும் விதவைகளும் கர்ப்பப்பைப் புற்றில் அதிகம் இறந்திருந்தார்கள், கன்னியாஸ்திரிகள் அரிது. கர்ப்பப்பையின் வாயா, உடலா என்று அந்தக் காலத்துப் பதிவேடு பிரிக்கவில்லை. என்றாலும் இந்த நோய்க்கும் உடலுறவுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்ற சந்தேகத்தின் தொடக்கம் அங்கே என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும். கற்புக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் அதே கணக்கின் அடுத்த பத்தியை அவர்கள் படிப்பதில்லை. மார்பகப் புற்றில் இறந்தவர்களில் கன்னியாஸ்திரிகள் அதிகம். பிள்ளை பெறாமல், பால் கொடுக்காமல் இருப்பது மார்பகப் புற்றின் வாய்ப்பைக் கூட்டும் என்று இன்று தெரியும். கர்ப்பப்பையில் வந்தால் ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனை என்றால், மார்பில் வந்தால் துறவுக்குத் தண்டனை என்றல்லவா சொல்ல வேண்டும்? யாரும் சொல்வதில்லை. அங்கே மட்டும் அது வெறும் உடம்பின் விஷயம்.

ரிகோனி ஸ்டெர்னிலிருந்து வைரஸ் கையில் கிடைக்க 140 வருஷம் ஆனது. 1970களில் எல்லோரும் ஹெர்ப்பிஸ் வைரஸைச் சந்தேகித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாவுசன் மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா குடும்பத்தின் பின்னால் போனார். 1983இல் 16ஆம் வகை, அடுத்த வருஷம் 18ஆம் வகை. இந்த இரண்டும்தான் உலகில் இந்தப் புற்றின் 100இல் 70க்குக் காரணம். 2008இல் நோபல் பரிசு.

சாயம் ஏற்றிய பாப் ஸ்மியரில் நல்ல செல் பார்க்க அழகாக இருக்கும். மேல்தட்டுச் செல்கள் இளஞ்சிவப்பு, நடுத்தட்டுச் செல்கள் நீலப்பச்சை, நடுவில் சின்னப் புள்ளியாக உட்கரு. எச்பிவி புகுந்த செல்லில் உட்கரு பெருத்துக் கறுத்து, விளிம்பு சுருங்கி உலர்ந்த திராட்சை மாதிரி ஆகிவிடும். அதைச் சுற்றி வெறுமையாக ஒரு வெளிர் வட்டம். கொய்லோசைட் என்று பெயர். ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே அப்படி நாலைந்து கண்ணில் படும்போது கை தானாக நின்றுவிடும். அந்த இடத்தில் மையால் புள்ளி வைப்போம்.

அந்தச் செல்லுக்குள் நடப்பதில் எங்கேயாவது தீர்ப்போ தண்டனையோ இருக்கிறதா என்று நானும் தேடியிருக்கிறேன். கர்ப்பப்பை வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிராய்ப்பு. அதன் வழியே வைரஸ் அடித்தட்டுச் செல்லுக்குள் போகிறது. அந்தச் செல் பிரிந்து பிரிந்து மேலே வரும்போது தானும் பெருகி, தானாக உதிரும் செல்லோடு வெளியேறுகிறது. ரத்தத்துக்குள் போவதில்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. செல் பிரிந்துகொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. அதற்காக இ6, இ7 என்று இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. முதலாவது, பி53 என்ற காவல் புரதத்தை அழித்துவிடும். இரண்டாவது, செல் பிரிவதற்குத் தடை போடும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே வைரஸைத் துடைத்துவிடுகிறது. சிலருக்குத் தங்கிவிடுகிறது. தங்கியவர்களில் சிலருக்கு, வைரஸின் மரபணு வளையம் அறுந்து நம் குரோமோசோமில் ஏதோ ஓரிடத்தில் செருகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு இ6, இ7 கட்டுப்பாடில்லாமல் உற்பத்தியாகும். தொற்று வந்ததிலிருந்து 15, 20 வருஷத்தில் புற்று.

அப்படிச் செருகிக்கொண்ட வைரஸ் புதிய வைரஸை உண்டாக்க முடியாது. அதன் வம்சம் அங்கேயே முடிந்துவிடுகிறது. புற்றுநோயால் வைரஸுக்குக்கூட லாபமில்லை! யாரும் விரும்பாத, யாருக்கும் பயன்படாத விபத்து. ஒரே ஊரில், ஒரே மாதிரி வாழ்ந்த நூறு பெண்களில் இவளுக்கு மட்டும் ஏன் என்றால், புகைப்பழக்கம், எச்ஐவி, தொடர்ந்த பிரசவங்கள் என்று சில காரணங்களை எடுத்துச் சொல்லலாம். அவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது தற்செயல். தற்செயலைச் சகித்துக்கொள்ள மனித மனசுக்குத் தெம்பில்லை. அதைவிடக் குற்றம் பரவாயில்லை என்று நினைக்கிறது. குற்றம் என்றால் ஒரு கதையாவது இருக்கும். திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைப்பார்.

பழியைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆணிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லும் தோழிகள் எனக்கு உண்டு. என் மனமும் அந்தப் பக்கம்தான் சாயும். நம் ஊரில் இந்த நோயோடு வரும் பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். ஆனாலும் அது அதே விசாரணைதான். கூண்டில் ஏற்றும் ஆள்தான் மாறுகிறார். அந்த ரிக் வண்டிக்காரர் எதுவும் செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். ஸ்லைடுக்குத் தெரியாது. தெரியாததை வைத்து ஒருவரைத் தூக்கில் போடக் கூடாது.

அப்படியானால் இந்த நோயில் குற்றமே இல்லையா? இருக்கிறது. அது கட்டிலில் இல்லை.

1966இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பெண்களுக்கான ஒரு பெரிய மருத்துவமனையில், ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர் ஓர் ஆய்வு தொடங்கினார். புற்றுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் மாற்றம் புற்றாக மாறவே மாறாது என்பது அவர் நம்பிக்கை. அதனால் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதிலிருந்து பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தார், எண்ணம் கெட்டதல்ல. தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்களில் பலருக்குத் தெரியாது. அவருடைய சகாக்களே, கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) நிபுணர் மெக்கின்டோவும் நோயியல் நிபுணர் மெக்லீனும், இது தவறு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கள் துறைக்காரர் ஒருவர் அங்கே விடாமல் நின்றது எனக்குக் கொஞ்சம் பெருமை. கடைசியில் 1984இல் அவர்கள் கணக்கை வெளியிட்டார்கள். பின்தொடர்ந்த பரிசோதனைகளில் செல்கள் நல்லபடியாக இருந்த 817 பேரில் 12 பேருக்குப் புற்று. தொடர்ந்து கெட்ட செல்களே வந்துகொண்டிருந்த 131 பேரில் 29 பேருக்கு. 1987இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள் ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தார். நோயாளியின் சம்மதம், உரிமை என்று நியூசிலாந்தில் பின்னர் வந்த சட்டங்களின் வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது.

வைரஸ் அந்த 29 பெண்களுக்குச் செய்தது விபத்து. கெட்ட செல் என்று சீட்டு வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தது விபத்தல்ல.

நம் ஊர்க் கதை இதைவிடச் சிக்கலானது. 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவமனையை மையமாக வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். லேப் வேண்டாம், என்னைப் போன்ற டாக்டர் வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். இது உயிரைக் காக்குமா என்பது கேள்வி. ஊர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் இரண்டாக்கினார்கள். ஒரு பாதிக்குப் பரிசோதனை. மறுபாதிக்கு வழக்கம்போல், அதாவது ஒன்றுமில்லை. 2007இல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த பக்கம் நோய் 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதனை நடக்காத பக்கம் இருந்த 30,958 பெண்களில் 92 பேர் இந்த நோயால் இறந்திருந்தார்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் இதைவிடப் பெரிதாக, 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை எச்பிவி பரிசோதனை செய்த பிரிவில் 34 சாவு. ஒன்றும் செய்யாத பிரிவில் 64.

கையில் வழி இருந்தும் ஒரு பாதியைச் சும்மா விட்டுவைத்து எண்ணியது தகுமா என்று பிற்பாடு பெரிய சர்ச்சை எழுந்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்ய விடுவார்களா என்று கேட்டார்கள். ஆய்வு செய்தவர்களின் பதில்: அந்த ஊர்களில் முன்பும் எதுவும் இருக்கவில்லை, நாங்கள் எதையும் பறிக்கவில்லை, ஒப்பிட்டுக் காட்டாமல் எந்த அரசும் நம்பாது.

நான் இதை ரொம்ப நாள் மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன். என்னை உறுத்துவது அந்தக் குலுக்கல். சாலைக்கு இந்தப் பக்கத்து ஊருக்கு நர்ஸ் வருவார், அந்தப் பக்கத்து ஊருக்கு வரமாட்டார். இதில் எந்த ஊருடைய புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. ஊழ் என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்களோ அதையே மனிதர்கள் தங்கள் கையால், தெரிந்தே உண்டாக்கிய இடம் அது. நல்ல ஆய்வுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். யாருக்கும் பாரபட்சம் காட்டாமல் இருக்க அதுதான் வழி. இயற்கையின் தற்செயலுக்குப் பொறுப்பாளி இல்லை. நாம் உண்டாக்கிய தற்செயலுக்கு உண்டு.

ஆனாலும் ஆய்வு செய்தவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாப் ஸ்மியர் 1940களிலிருந்தே இருக்கிறதே என்பது காகிதத்தில் சரி. ஸ்மியர் எடுத்தால் அதைச் சாயம் ஏற்ற ஆள் வேண்டும், படிக்க ஆள் வேண்டும், அறிக்கை திரும்பிப் போய்ச் சேர வேண்டும். ஸ்லைடுகள் தட்டுத் தட்டாக எங்கள் மேஜையில் காத்துக்கிடந்ததும், அறிக்கை தயாரானபோது அந்தப் பெண்ணின் ஊர் விலாசமே சீட்டில் இல்லாமல் போனதும் எனக்குத் தெரியும். வினிகர் போதுமா என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது. நான் குற்றம் என்று சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. விடை 2007இல் கிடைத்தது. எச்பிவி பரிசோதனைக்கான விடை 2009இல் உஸ்மானாபாத்திலிருந்து கிடைத்தது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் எப்போதாவது ஒரு முறை இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டில் 9.8. பத்தில் ஒருவர்கூட இல்லை, இதில் நமக்கு முன்னணி. அந்த 92 பேர் எதற்காக எண்ணப்பட்டார்களோ அது நடக்கவில்லை என்றால், எண்ணியது பாவமாகத்தான் முடியும்.

தடுப்பூசியின் கதையில் வேறொரு விதமான புதிர். 2009இல் இந்தியாவில் ஒன்பது இடங்களில், அம்பிளிக்கையும் அதில் ஒன்று, பெண் குழந்தைகளுக்கு மூன்று ஊசி வேண்டுமா இரண்டு போதுமா என்று ஓர் ஆய்வு ஆரம்பித்தது. அதே சமயம் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் வேறொரு திட்டத்தில் ஊசி போட்டார்கள். அங்கே ஏழு சிறுமிகள் இறந்தார்கள். விசாரணையில் அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று காரணங்கள். வேறொன்று வெளியே வந்தது: விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் வார்டனும் தலைமையாசிரியரும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது, சம்பந்தமில்லாத அந்த ஒன்பது இட ஆய்வையும் சேர்த்து. அதனால் ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்தபோது, 16, 18ஆம் வகைகள் உடம்பில் தங்காமல் தடுப்பதில் ஒரு ஊசிக்கே 95 சதவீதத் திறன் இருந்தது. ஒரு ஊசியே போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கான சான்றுகளில், திட்டமிடாமல் நின்றுபோன இந்த ஆய்வும் ஒன்று. மூன்று ஊசிக்குக் காசில்லாத நாடுகளுக்கு அது வழி திறந்தது.

எல்லாம் நன்மைக்கே, கடவுள் கணக்குத் தப்பாது என்று ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். எனக்கு அது ருசிக்கவில்லை. பின்னால் விளைந்த நன்மை அந்த விடுதிக் கையெழுத்தைச் சரியாக்கிவிடாது. பெற்றோரைக் கேட்காமல் ஒரு பிள்ளையின் கையில் ஊசி குத்தியது, அன்றும் தவறு, இன்றும் தவறு. தவறிலிருந்து நல்லது விளையலாம். அதற்காக அதைத் திட்டம் என்று சொல்லி வணங்கக் கூடாது. அம்பிளிக்கை மருத்துவமனைக்காரர்கள் படிக்கும் யோவான் நற்செய்தியில், பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம், இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்று இயேசு சொல்கிறார். அதற்கு மேல் அவர் சொல்லும் இறைவிளக்கத்தை இறையியலாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். நான் எடுத்துக்கொள்வது அவர் அடுத்துச் செய்ததை: மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசி, போய்க் கழுவு என்று அனுப்பினார்.

2022இல் இந்தியாவில் இந்த நோயால் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. கண்டுபிடிக்க 15 வருஷ அவகாசம் கொடுக்கும் புற்றுநோய் வேறு அதிகமில்லை. இவ்வளவு அவகாசம் கொடுத்தும் பார்க்காமல் விட்டதற்கு வினை என்று பெயர் வைக்க சம்பந்தரே சம்மதிக்கமாட்டார்.

முப்பது வயது தாண்டிய பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போதும். ஊசி போட்டுக்கொள்ள ஏற்ற வயது 9 முதல் 14. பெண் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. எச்பிவி பாசிட்டிவ் என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, யாருடைய நடத்தைச் சான்றிதழும் இல்லை. அடுத்த வேலை கால்போஸ்கோப்பி. அதற்கு நாள் வாங்குங்கள்.